உங்கள் கூடத்துத் தரையைத் தட்டியது தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்களை இன்னும் சம்பந்தி என்று அழைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. வேறு எப்படி அழைப்பது என்றும் தெரியாததால் அப்படியே எழுதிவிட்டேன், அடித்துவிடாதீர்கள். தாங்களும், தங்கள் துணைவியாரும், மாப்பிள்ளையும், தங்கள் பெரிய அக்காவும், தங்கள் கடையும், கடையில் உள்ள டைல்ஸ் அத்தனையும் கீறல் விழாமல் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் மகள் என்னோடு பேசுவதில்லை, மனைவி பேச்சை நிறுத்துவதில்லை, நான் ஓர் இடத்தில் உட்காருவதில்லை. இந்தக் கடிதத்தையே பாதியை அடுப்படி மேடையில் வைத்தும் மீதியை மாடிப்படியில் நின்றும் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

நான் மின்சார அலுவலகத்தில் மீட்டர் அளவெடுத்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். அந்த வேலை காலில் ஏறிக்கொள்ளும் வேலை என்பது தெரிந்திருக்காது. "மீட்டர்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், எந்த வீட்டுக் கதவும் திறக்கும். அடுப்படி வழியாகப் போவேன், படுக்கையறை வழியாகப் போவேன், பீரோவை நகர்த்தச் சொல்வேன், ஏன் என்று ஒருவர் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஒரு கதவும் திறக்கவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன், கால் ஆடியது, கால் ஆடியதில் மேசை ஆடியது, மேசை ஆடியதில் டீ கொட்டியது. "ஏங்க, எங்கயாச்சும் போயிட்டு சாயங்காலமா வாங்களேன், உங்களப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்று என் மனைவி சொன்ன அன்றைக்குத்தான் பேப்பரில் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. நில அளவை அலுவலகத்துக்குத் தன்னார்வலர்கள் தேவையாம். பழைய காலத்தில் கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் இடமும் எவ்வளவு உயரம் என்று அளந்து, ஆங்காங்கே கல் நட்டு, தலையில் பித்தளைக் குமிழ் ஒன்றைப் பதித்து வைத்திருக்கிறார்கள். மட்டக்குறி என்று பெயர். அவை இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று தேடிப் பார்த்து எழுத வேண்டும். மறுபடியும் ஊர் ஊராக, சுவர் சுவராகப் போகலாம் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் அலுவலகத்தில் கொடுத்த பழைய குறிப்புகளை எழுதிய மகராசன் இந்த உலகம் மாறவே மாறாது என்று நம்பியிருக்கிறான். "குதிரை லாயத்தின் வடக்கு மூலை" என்கிறான். அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது, அங்கே போய்க் குதிரை எங்கே கட்டியிருந்தது என்று கேட்டால் அந்தப் பையன்கள் என்னை வீடியோ எடுக்கிறார்கள். ஒரு மட்டக்குறி முடிதிருத்துபவரின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடியைக் கழற்ற வேண்டுமென்றால் முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்றார். வெட்டிக்கொண்டேன். கழற்றிப் பார்த்தபோது, குறி பக்கத்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது தெரிந்தது. அதற்கு முகச்சவரம் என்றார்.

பாலத்து விஷயம் தங்கள் காதுக்கு எப்படி வந்து சேர்ந்ததோ எனக்குத் தெரியாது, நடந்தது இதுதான். பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு வெளிப்பக்கம் கல்லில் ஒரு குறி. அதைப் படம் எடுக்கச் சுவர்மேல் வயிற்றைக் கொடுத்துக் குனிந்தேன். பின்னாலிருந்து ஒருவர் என் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். வண்டியில் பழம் விற்கிறவர், நல்ல பலசாலி. "அண்ணே, அவசரப்படாதீங்க, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்றார். மட்டக்குறி பார்க்கிறேன் என்றேன். "அப்படித்தான் ஆரம்பத்துல எதையாவது சொல்லுவாங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் சண்டையா, உடம்புக்கு முடியவில்லையா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். கடல் மட்டம் என்று நான் ஆரம்பித்ததும் "கடலுக்கும் போகாதீங்கண்ணே" என்று ஒரு அம்மா அழுதேவிட்டாள். கடைசியில், இனிமேல் சாக மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் காலை விட்டார்கள். ஆக, பெண்ணின் அப்பா பாலத்திலிருந்து குதிக்கப் போனார் என்று தங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அதில் பாலம் மட்டும்தான் உண்மை.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தேதி குறிக்கத் தங்கள் வீட்டுக்கு மூன்று பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினோம். இறங்கியதும் எதிர்ப்பக்கம் கம்பிவலை போட்டு மூடிய கிணறு ஒன்றைப் பார்த்தேன். என்னிடம் இருந்த குறிப்புகளில் ஒன்று, கிணற்றிலிருந்து நேர் கிழக்கே நாற்பது தப்படி என்று சொல்கிறது. நான் அன்றைக்கு வேலையாக வரவில்லை, என் மகள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், குறிப்பு சட்டைப்பையில் இருந்தது தற்செயல். மனைவியையும் மகளையும் முன்னால் போகச் சொல்லிவிட்டுக் கிணற்றடியிலிருந்து சும்மா நடந்து பார்த்தேன். தெருவைத் தாண்டியது, தங்கள் கேட்டைத் தாண்டியது, வாசற்படி ஏறியது. தாங்கள் "வாங்க சம்பந்தி" என்று கை கூப்பியபோது நான் "முப்பத்தெட்டு" என்று சொன்னது மரியாதைக் குறைவினால் அல்ல, எண்ணிக்கை விட்டுப்போகுமோ என்ற பயத்தினால். நாற்பதாவது தப்படியில் தங்கள் பெரிய அக்கா சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் நாள் பார்க்கிறீர்கள், மண்டபம் பேசுகிறீர்கள், எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அந்தச் சோபாவுக்கு அடியில் அது இருக்கிறதா இல்லையா என்பதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. "அக்கா, அந்தப் பக்கம் உக்காந்தா காத்து நல்லா வருமே" என்றேன். "எனக்குக் காத்து ஒத்துக்காது தம்பி" என்றார். ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு எடுக்கிற சாக்கில் குனிந்தேன். குனிந்தவன் எழுந்திருக்கலாம் அல்லவா? வீட்டுச் சாவியால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே தவழ்ந்துவிட்டேன். டொக், டொக், டொக் என்று வந்த சத்தம் அக்காவின் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் டங் என்று கேட்டது. என்னை மறந்து "இங்க கீழ காலியா இருக்கு!" என்று கத்திவிட்டேன். டைல்ஸ் கடை முதலாளி வீட்டுக் கூடத்தில், அவர் கையால் பார்த்துப் பார்த்துப் பதித்த தரையில், அதுவும் கடையின் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கும்போது அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. தங்கள் முகம் போன போக்கைப் பார்த்துப் பதறிப்போய், "எல்லாம் இல்லீங்க சம்பந்தி, இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் நல்லாத்தான் பதிச்சிருக்கு, வேணும்னா கேளுங்க" என்று பக்கத்தில் இருந்த நாலைந்தையும் தட்டிக் காட்டினேன். அது ஆறுதல் சொல்கிற முறை இல்லை என்று வரும் வழியெல்லாம் என் மனைவி விளக்கினாள்.

மறுநாள் தாங்கள் போனில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நினைவில் இருக்கிறது. "கடல் மட்டத்துலேர்ந்து என் வீடு எவ்வளவு ஒசரம்னு உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டீர்கள். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். தங்கள் குடும்பம் எங்களைவிட உயர்ந்தது என்பதை அந்தக் காலத்திலேயே அளந்து கல்லில் பதித்துவிட்டார்கள், எங்கள் வீடு தாழ்வில்தான் இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் உள்ளேயே வரும். அடுத்து தாங்கள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. "எங்க கூடத்துல கல்லும் இல்ல ஒண்ணும் இல்ல, அழிஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க. நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து கடப்பாரையோட வந்து நின்னா என் மானம் என்னாகும்? எழுதிக் குடுத்தப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசுவோம்" என்றீர்கள்.

சம்பந்தி, இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தேடிக் கிடைக்கவில்லை என்றால் "காணவில்லை" என்று எழுதலாம். அப்படி எழுதினால் பிறகு வேறொருவர் வந்து தேடுவார். "அழிந்தது" என்று எழுதினால் கணக்கு முடிந்தது, யாரும் வர மாட்டார்கள். ஆனால் உடைந்த கல்லைக் கண்ணால் பார்க்காமல் "அழிந்தது" என்று எழுதக் கூடாது, இடத்தின்மேல் ஐந்து மாடிக் கட்டடமே நின்றாலும் கூடாது. நான் வேலையில் இருந்த காலத்தில் டீக்கடையில் உட்கார்ந்தே ஒரு தெருவுக்கு மீட்டர் எழுதிய சக ஊழியர்கள் உண்டு. நான் எழுதியதில்லை. நாய் துரத்தின வீட்டுக்கும் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். பார்க்காத எண்ணை எழுத என் கைக்கு வராது, அது ஒன்றுதான் நான் வைத்திருக்கிற கௌரவம்.

ஆனால் எனக்கு இருப்பது ஒரே மகள். பல் மருத்துவமனையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறாள், டீயைப் போட்டு என் முன்னால் வைக்கிறாள், "அப்பா" என்று கூப்பிடாமல் வைத்துவிட்டுப் போகிறாள். அந்த டம்ளர் மேசையில் படுகிற சத்தம் எனக்குத் தாங்கவில்லை. அவளுக்குத் தங்கள் மகனைப் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடித்திருக்கிறது. ஆகவே தங்கள் விருப்பப்படியே "அழிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நகல் இத்துடன் இருக்கிறது. இனிமேல் இந்த வேலையை விட்டுவிடுகிறேன். தங்கள் கூடத்துக்கு வந்தால் காட்டிய நாற்காலியில் உட்காருவேன், கீழே பார்க்க மாட்டேன், சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு வருவேன். தங்கள் தரை ஒரு குறையும் இல்லாத தரை என்று யார் கேட்டாலும் எந்தச் சபையிலும் சொல்வேன்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும், இளையவர்களுக்கு என் ஆசியும், காலுக்குப் பக்கத்தில் தட்டப்பட்ட அக்காவுக்குத் தனியாக ஒரு மன்னிப்பும் சேர்ப்பித்துவிடவும். இரண்டு குடும்பமும் ஒன்றாகி, எல்லோரும் நீடூழி வாழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு,

தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
பெண்ணின் அப்பா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு தகவல். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மகள் வேலையிலிருந்து வந்தாள், எடுத்துப் படித்துவிட்டாள். "அப்பா" என்றாள். அதைக் கேட்டதே போதும் என்றிருந்தது எனக்கு. "எனக்காக நீங்க பாக்காததைப் பாத்தேன்னு எழுதணும்னா, அந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்பா" என்று சொல்லி, நான் கையெழுத்துப் போட்ட தாளையும் நகலையும் சேர்த்துக் கிழித்துவிட்டாள். ஆகவே நகல் இத்துடன் இல்லை.

அவளுக்குப் பின்னாலேயே தங்கள் மகனும் வந்து நின்றார். "மாமா, அழிஞ்சதுன்னு அனுப்பிடாதீங்க, எங்க பெரிய அத்தை கண்டுபிடிச்சுட்டாங்க" என்றார். அந்த டங் சத்தத்தைக் கேட்டதிலிருந்து அக்காவுக்கு அந்தச் சோபாவில் இருப்பே கொள்ளவில்லையாம். "கீழ என்ன இருக்குன்னு தெரியாம இதுமேல எப்படிடா உக்காருவேன்?" என்று இன்று தாங்கள் கடைக்குப் போனதும் எழுந்து நின்று, சோபாவை நகர்த்தச் சொல்லி, அந்த டைல்ஸை எடுக்க வைத்திருக்கிறார். கல் இருக்கிறது. பித்தளைக் குமிழ் துடைத்தால் மின்னுகிறதாம். வீடு கட்டியபோது கொத்தனார் அதைப் பிடுங்க முடியாமல் சுற்றிலும் வெறும் மணலைக் கொட்டி மூடிவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே அந்தச் சத்தத்துக்கும் தாங்கள் டைல்ஸ் பதித்த நேர்த்திக்கும் சம்பந்தமே இல்லை, என் மகிழ்ச்சியைத் தங்களிடம் எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. கண்டவர் பெயர் என்று அக்காவின் பெயரை எழுதி, மாப்பிள்ளை எடுத்து வந்த படத்தை அனுப்பியாகிவிட்டது. அதே சூட்டில் கல்யாணத் தேதியையும் அக்காவே குறித்துவிட்டார், இரண்டு வீட்டிலும் தங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தங்களிடம் நேரில் சொல்ல மாப்பிள்ளைக்குத் தைரியம் இல்லாததால் இந்தக் கடிதத்தையே கொடுத்தனுப்புகிறேன், கொண்டுவருபவரைத் திட்ட வேண்டாம்.

தாங்கள் கடையை மூடிவிட்டுக் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போனால் நல்லது. அக்கா சாவியும் கையுமாகக் கூடம் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கிறாராம், இன்னும் ஐந்தாறு இடத்தில் டங் என்று கேட்கிறதாம். குறிப்புகளை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டேன் சம்பந்தி, அங்கெல்லாம் கல் எதுவும் கிடையாது.