எதிரி பெயரில் ஒரு புட்டி

என் மனைவி மிசாவோ எனக்கு இழைத்த அநீதிகளை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். தொழிற்சங்கத்துக்கு நாற்பது வருடம் துண்டுப் பிரசுரம் எழுதியவன் நான். வரிசை பிசகினால் வழக்கு நிற்காது.

ஒன்று: அக்டோபரில் யூரிக் அமிலம் ஏறி என் கால் கட்டைவிரல் தக்காளியாக வீங்கியது. சாக்கே மது கூடாது, மீன் ஈரல் கூடாது என்ற தீர்ப்பை மருத்துவர் அவளிடம்தான் சொன்னார். விரல் என்னுடையது. என்னை யாரும் கேட்கவில்லை.

இரண்டு: வீட்டிலிருந்த சாக்கே முழுவதையும் முள்ளங்கி வேகவைத்தே தீர்த்தாள். ஒரு வாரம் முள்ளங்கி குஷியாக இருந்தது.

மூன்று: ஜனவரியில் காட் மீன் வந்தது. எங்கள் சகாத்தா துறைமுகத்தில் அந்த மாதம் ஈரல் போட்ட காட் மீன் குழம்பு குடிக்காதவன் இருந்தும் இல்லாதவன். எனக்கு வெறும் குழம்பு.

நான்கு: துறைமுகத் தெருக் கடைகளுக்கெல்லாம் அவளே பிரசுரம் கொடுத்தாள். "டொகாஷிக்கு ஊற்றாதீர்கள்." இரண்டே சொல், அதில் ஒன்று என் பெயர். என்னுடைய எந்தப் பிரசுரத்துக்கும் இந்த ஊர் இப்படிக் கட்டுப்பட்டதில்லை.

கட்டுப்படாதவன் இகராஷி ஒருவன்தான். அவன் கடையில் வாடிக்கைக்காரர்கள் பெரிய புட்டியாக வாங்கி, கழுத்தில் பெயர்ச்சீட்டு கட்டி, குளிர்ப்பெட்டியில் விட்டுவைப்போம். என் பெயரைக் கட்டினால் மிசாவோ கண்ணில் படும். நண்பன் பெயரைக் கட்டினால் அவனே வந்து குடித்துவிடுவான். யோசித்தேன். மீன் டப்பா ஆலையில் இருபது வருடம் என் ரத்தத்தைக் குடித்த மேலாளரின் பெயரை எழுதிக் கட்டினேன். ஆள் செத்து ஆறு வருடம். அந்தப் பெயரை நான் எழுதுவேன் என்று இந்த ஊரில் நாய்கூட நம்பாது.

போன வியாழன், மாலை ஐந்து மணி. வெளியே பனிக்காற்று. பின்னால் பழைய சங்கத்துத் தோழர்கள் ஆறு பேர். என் முன்னால் ஈரல் மிதக்கும் குழம்பு, பக்கத்தில் புட்டி. கதவு ஆடும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணே, கதவையே பாக்குறீங்க," என்றான் இகராஷி.

"நீதான்டா பாக்குற. கிண்ணத்துக்கு வெளியே ஊத்துற."

கதவு திறந்தது. ரப்பர் பூட்ஸ். எனக்குத் தெரிந்த பூட்ஸ்.

"குளிருதுப்பா இகராஷி தம்பி, ஒரு டீ குடு. ஏங்க, நீங்களா! பல் டாக்டர்கிட்டப் போறேன்னீங்க?"

"கூட்டம். அவசரக் கூட்டம்."

"பல்லைப் பத்தியா?"

தோழர்கள் சிரித்தார்கள். துரோகிகள்.

மிசாவோ புட்டியின் சீட்டைத் திருப்பினாள். உதடு மட்டும் அசைய, பெயரை வாசித்தாள்.

"இது உங்களுதா?"

ஆமாம் என்றால் வீட்டில் வசந்தம்வரை தண்டனை. அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெயரில் குடித்தவன் என்று தோழர்களுக்குத் தெரிந்தால் என் நாற்பது வருடமும் போச்சு.

"என்னுதா? அந்த ஆளோட புட்டியைச் செத்தாலும் தொட மாட்டேன்!"

"அதானே. என் வீட்டுக்காரர் ரோஷக்காரர்." இகராஷி பக்கம் திரும்பினாள். "தம்பி, செத்தவங்க புட்டி மிஞ்சினா என்ன செய்வீங்க?"

இகராஷி கூரையைப் பார்த்தான். "பேரை உரக்க வாசிச்சிட்டு, இருக்கறவங்க எல்லாரும் பகிர்ந்து குடிக்கறது வழக்கம் அக்கா."

"அப்ப ஊத்துங்க. இவருக்கு மட்டும் டீ."

என் சாக்கே ஆறு கிண்ணங்களில் இறங்கியது. ஏழாவது கிண்ணம் மிசாவோவுக்கு. என் குழம்பையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதலில் ஈரல்.

"யாரு புண்ணியவான், தோழர்?" என்று கன்னோ கிண்ணத்தைத் தூக்கினான். ஆலை வாசலில் என்னோடு தடியடி பட்டவன்.

"இவர் வாசிப்பார், கன்னோ. மேடையில பேசின குரலாச்சே," என்றாள் மிசாவோ. பிறகு என் காதோரம்: "சத்தமா. மரியாதையா. செத்தவரு."

எழுந்தேன். ஏழு கிண்ணங்களும் அந்தரத்தில் காத்திருந்தன. டீயை உயர்த்தி, சீட்டைப் பிடித்து வாசித்தேன்:

"உயர்திரு மேலாளர்... ஒனோதெரா தெய்சோ அவர்கள்."