காளானுக்கு நான் காவல்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நலம். அங்கும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கொல்லையில் நிற்கும் பட்டமரத்தை வெட்ட நீங்கள் அனுப்பிய ஆளைத் திருப்பி அனுப்பியது நான்தான். மரம் விழுந்தால் கூரை போய்விடும் என்கிறீர்கள். கூரையை மறுபடி போட்டுக்கொள்ளலாம். அதில் முளைத்திருக்கும் வெள்ளைக் காளானை யார் போடுவது?

உங்கள் அக்காவின் கைபேசியில் இருந்த காளான் படத்தை கல்லூரியில் காளான் ஆராய்ச்சி செய்யும் ஒரு அம்மாவுக்கு அனுப்பியதும், அவர் பதறியடித்துக்கொண்டு பேசினார். அழியும் நிலையில் உள்ள இனமாம், இதுவரை நாலே இடத்தில்தான் பார்த்திருக்கிறார்களாம், கையே படக் கூடாதாம். அன்றே மரத்தடியில் நாற்காலி போட்டுவிட்டேன். உங்கள் ஆள் 9.42க்கு ரம்பத்தோடு வந்தார், பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தபோது வைத்திருந்த விசிலை எடுத்து ஊதினேன், ஆள் நின்றுவிட்டார், தெருவில் போன பள்ளி வேனும் நின்றுவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் சோப்போடு ஓடிவந்து "யாருக்கு சார் என்ன ஆச்சு?" என்றார், உங்கள் அக்கா "இவருக்குத்தான் ஆயிருக்கு. காளானுக்கு வெயில் படுதுன்னு என் புடவையைக் கட்டி வெச்சிருக்கார். எனக்கு வெயில் பட்டா எதைக் கட்டுவாராம்?" என்றாள். 9.51க்கு ரம்பம் கிளம்பியது.

முப்பத்தொரு வருஷம் வந்ததையெல்லாம் கிளப்பி விடுவதே என் வேலை. முதன்முறையாக ஒன்றைப் போகாமல் நிறுத்தி வைக்கும் வேலை கிடைத்திருக்கிறது. விட மாட்டேன், மைத்துனரே.

குழந்தைகளுக்கு ஆசிகள். உங்கள் மனைவியின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
மரத்தடியிலிருந்து, உங்கள் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஆராய்ச்சி அம்மா நேரில் வந்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தார். இந்த மரத்தில் இருப்பது எங்கும் முளைக்கிற சாதாரணக் காளானாம். "படத்துல இருக்கிறது வேற சார். ஓரத்துல ஒரு பச்சைச் செருப்பு தெரியுதே, அது யாரோடது?" என்றார்.

உங்களுடையது. உங்கள் பின்வாசலில் உட்கார்ந்து செருப்பு மாட்டுவீர்களே, அந்த அடிக்கட்டையில் முளைத்த காளான்தான் படத்தில் இருப்பது. "இந்த அசிங்கத்தைச் சுரண்டித் தொலைடா" என்று உங்களைத் திட்டுவதற்காக, போன மாதம் அங்கு வந்தபோது உங்கள் அக்கா எடுத்த படமாம். நம் மரம் என்று நினைத்து நான் அனுப்பிவிட்டேன்.

மரத்தைத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். கட்டையை இன்னும் சுரண்டியிருக்க மாட்டீர்கள். உங்கள் சோம்பேறித்தனத்தை வாழ்க்கையில் முதன்முறையாக நம்புகிறேன். தபாலை நம்பவில்லை. நாளை 6.10 பேருந்தில் இந்தக் கடிதம், நாற்காலி, விசில் மூன்றையும் நானே கொண்டு வருகிறேன். எத்தனை நாள் தங்குவேன் என்று கேட்காதீர்கள். அதைக் காளான்தான் சொல்ல வேண்டும்.