நல்லமுத்துவின் கால் போத்தல் வீரம்

இனி இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நல்லமுத்து முடிவு கட்டினார். மனைவி பூரணியின் தம்பி விஜிதரன் நானுஓயாவிலிருந்து "ரெண்டு நாளைக்கு" என்று வந்தவன். மாதம் மூன்றாகியும் அடுப்போரக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கட்டிலுக்குச் சொந்தக்காரரான நல்லமுத்துவோ லிந்துலைக் குளிரில் வாசலோரம் சாக்கு விரித்துப் படுத்து விறைத்துக்கொண்டிருந்தார்.

நல்லமுத்து பேசத் தெரியாதவர் அல்ல. தான் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களிடம், "தேத்தண்ணியின் நிறமும் துவர்ப்பும் பொலிபீனோல் தந்த வரம்!" என்று முழங்குகிறவர்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலை மிதித்ததும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். என்ன செய்வார் பாவம்.

"கால் போத்தல் உள்ள போனா பூனையும் புலிதாண்ணே," என்றார் பக்கத்து வீட்டுச் சின்னராசா.

குடித்தே அறியாத நல்லமுத்து சாராயம் வாங்கி வந்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். நாற்றம் தாங்காமல் உடனே மூடினார். விறகுக்குள் ஒளித்து வைத்தார். மறுநாள் மாலை மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு முக்கால் கிளாஸை ஒரே மடக்கில் இறக்கினார். நாக்கு துவர்த்தது, தொண்டை எரிந்தது. வீரம் வந்தேவிட்டது!

"அடியே பூரணி! வெளிய வாடி!"

லயமே கதவைத் திறந்து பார்த்தது.

"என்னங்க?"

"ஒந்தம்பி இப்பவே கெளம்பணும்! இல்லாட்டி கட்டிலோட தூக்கி ஆத்துல போட்ருவேன்! இனி இந்த வீட்ல நான் வச்சதுதான் சட்டம்! ஒங்காத்தா சூர்ப்பனகையே வந்தாலும் பயப்பட மாட்டேன்!"

விஜிதரன் கட்டிலை விட்டு இறங்கிப் பையைத் தூக்கினான்.

"குடிச்சிருக்கீங்களா?"

"குடிச்சேன்! சாராயம்! என்னடி செய்வ?"

பூரணி பதறவில்லை. புளிக்கும் தேசிக்காய் ஒன்றை நறுக்கி வந்து, கிளாஸில் மிச்சமிருந்ததில் பிழிந்தாள். செம்பழுப்பு வெளுத்து மஞ்சளாயிற்று.

"சாராயம் இப்புடி வெளுக்குமாங்க? வெள்ளைக்காரங்களுக்குத் தேத்தண்ணியில இத நீங்கதானே செஞ்சு காட்டுறீங்க? வெறகு எடுக்கப் போனப்பவே போத்தலக் கண்டுட்டேன். சாராயம் சாக்கடைக் கானுக்குள்ள போயிருச்சு. நீங்க குடிச்சது மொளகு போட்ட கடுஞ்சாயத் தேத்தண்ணி."

லயம் விழுந்து விழுந்து சிரித்தது. நல்லமுத்துவுக்கோ வெட்கம் வரவில்லை. பெருமை பொங்கியது.

"அப்ப அம்புட்டும் என் சொந்தத் தைரியம்! சொட்டுச் சாராயம் இல்லாமப் பேசியிருக்கேன், பாத்தியா!"

"அதத்தாங்க நானும் சொல்றேன்," என்றாள் பூரணி, தம்பியின் பையை வாங்கி உள்ளே வைத்தபடி. "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சுன்னு விட்டுருப்பேன். எங்காத்தாவ நீங்க நெதானத்துலல்ல பேசியிருக்கீங்க!"