எலும்புறிஞ்சிச் சாமியார்

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ராயபுரத்தில் டாக்டர்கள் ஈ ஓட்டினார்கள். எலும்புறிஞ்சிச் சாமியார் வந்திருந்தார். வலிக்கிற இடத்தில் வாயை வைத்து உறிஞ்சுவார். சூனியக்காரன் ஏவிய எலும்பு வெளியே வந்து விழும். முழங்கால் வலியா, ஓர் எலும்பு. வயிற்று வலியா, அதற்கும் ஓர் எலும்பு. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இத்தனை எலும்பு போயும் ஒருவர்கூட நொண்டவில்லையே என்று யாரும் கேட்கவில்லை.

நர்ஸ் ஹில்டாவுக்குக் கவலையெல்லாம் பக்தவச்சலத்தைப் பற்றித்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இப்போது எலும்பு மஜ்ஜையில் புற்று. பலமாக இருமினால் விலா முறியும். கையைப் பிடித்து இழுக்காதே, விரிப்போடு சேர்த்துப் புரட்டு, நிறையத் தண்ணீர் கொடு, காய்ச்சல்காரரைக் கிட்டே விடாதே என்று அவர் மனைவி கெங்கம்மாவுக்குத் தினமும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்து வந்தாள்.

அன்று ஹில்டா வந்தபோது வீட்டில் நிற்க இடமில்லை. கட்டிலருகே சாமியார், வாயை இறுக மூடியபடி.

"சாமி மௌனத்துல கீறாரு," என்றான் சீடன். "மொதல்ல முதுவுல ஏறி மிதிப்பாரு. அப்பால உறிஞ்சுவாரு."

ஹில்டா கட்டிலுக்குக் குறுக்கே போய் நின்றாள். "கெங்கம்மா, மிதிச்சா முதுகெலும்பு நொறுங்கிடும்."

"நீயும்தான் தெனம் வர்றே. நோவு போவலியே, ஹில்டாம்மா. இவரு எடுத்துடுவாராமே."

நோவு போகாது என்று ஹில்டாவுக்குத் தெரியும். சாமியாரின் மூடிய வாயைப் பார்த்தபடி தெர்மாமீட்டரை எடுத்து உதறினாள்.

"சரி. கிட்ட வர்றவங்களுக்கு ஜுரம் கீதான்னு பாக்கணும். சாமி, வாயத் தொறங்க."

சாமியார் தலையாட்டி மறுத்தார்.

"சாமிக்கு ஜுரமே வராது," என்றான் சீடன்.

"அப்ப வெச்சிப் பாத்தா இன்னா?"

சாமியார் கையைத் தூக்கி அக்குளைக் காட்டினார்.

"நாக்குக்கு அடியிலதான் சரியாத் தெரியும்."

"தொறயேன் நைனா," என்றார் கட்டிலில் இருந்த பக்தவச்சலம். "நான் தெனம் தொறக்கறேன்."

கூட்டமும் சாமியாரின் வாயையே பார்த்தது. அவர் அவசரமாக எதையோ விழுங்கப் பார்த்தார். புரையேறியது. இருமினார். போர்வைமேல் எலும்பு ஒன்று வந்து விழுந்தது. உறிஞ்சுவதற்கு முன்பே.

கெங்கம்மா எடுத்து முகர்ந்தாள். "கோழி எலும்பு. மொளகு வாசன கூடப் போவல."

சூனியக்காரன் வறுத்துத்தான் ஏவுவான் போலிருக்கிறது.

சாமியாரின் மௌனம் கலைந்தது. கொல்லைப்பக்கம் எங்கே என்று கேட்டார். சீடன் அதற்குள் தெருக்கோடியில் ஓடிக்கொண்டிருந்தான்.

பக்தவச்சலத்துக்குச் சிரிப்பு முட்டியது. "மெதுவா சிரிங்க, விலா போயிடும்," என்றாள் ஹில்டா. கெங்கம்மா விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக அவரைப் பதமாகப் புரட்டினார்கள். "இப்ப தேவல," என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திருவொற்றியூரில் இப்போது வேறொருவர் கண்ணிலிருந்து கல் எடுக்கிறாராம். கும்பிடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்டு யாருக்கும் எலும்பு முறிந்ததாக இதுவரை தகவல் இல்லை.