பரிசத் தட்டில் ஒரு தும்பி

செத்த பூச்சிக்காக உயிரை விடுகிறவன் இந்தச் சிலாங்கூரிலேயே ஒருவன்தான் இருந்தான். எண்பதுகளில் ரவாங்கில் அவனும் நானும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். பெயர் எதற்கு? எல்லாருக்கும் அவன் ‘பூச்சி’.

செங்கல் ஆலைக்கு லோரி ஓட்டினான். பக்கத்து ஊரான பத்து ஆராங்கில் ஆதிகாலத்தில் பெரிய ஏரி இருந்ததாம். அதன் சேறு படிந்து படிந்து கல்லாகிவிட்டதாம். அந்தக் கல்லை ஏடு ஏடாகப் பிளந்தால் அந்தக் காலத்துப் பூச்சி அப்படியே பதிந்து கிடக்குமாம். ஞாயிற்றுக்கிழமை ஊரே படம் பார்க்கப் போகும். இவன் சுத்தியலோடு அங்கே கிளம்பிவிடுவான். எங்கள் அறை பிஸ்கட் டின்களில் பிஸ்கட்டைத் தவிர எல்லாம் இருந்தது.

பெண் பார்த்த இடமெல்லாம் கல்லைக் கண்டு ஓடியது. கடைசியில் கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பரமேஸ்வரி அமைந்தாள். அவன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

“டேய், இதையும் கெடுத்துறாத. பரிசம் முடியிற வரைக்கும் பூச்சின்னு வாயைத் தொறக்காதடா!”

வாயைத் திறக்கவில்லை, பாவம். பரிசத்துக்குப் போகும் வழியில் வேன் பள்ளத்தில் இறங்கி, லட்டுத் தட்டு கவிழ்ந்து, லட்டெல்லாம் எங்கள் காலடியில் உருண்டது. மிச்சத் தட்டுகள் இரட்டைப்படை! அந்தக் கணக்கில் பரிசம் போட யார் போவார்கள்? பூச்சி பைக்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுத்தான். தும்பி பதிந்த கல். என்னைக்கூடத் தொடவிடாத பொக்கிஷம். காலித் தட்டில் வெற்றிலை பரப்பி, நடுவில் அதை வைத்து, குங்குமமும் இட்டுவிட்டான். அம்மா தடுப்பதற்குள் பெண் வீடு வந்துவிட்டது.

பெண்ணின் தாயார் தட்டைப் பார்த்ததும் சாமி வந்தவர்போல் ஆனார்.

“என்னா சம்பந்தி இது? எம் பொண்ணு என்ன அம்மிக்கா வாக்கப்படப் போறா? எடுத்துட்டுப் போங்கலா எல்லாத்தையும்!”

பூச்சிக்கு முகம் செத்துவிட்டது. அப்போது பரமேஸ்வரியே உள்ளிருந்து வந்து கல்லை எடுத்தாள். எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் முடி போன்ற கம்பிகளைப் பார்த்துப் பழகிய கண். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சும்மா இருங்கம்மா. தும்பிம்மா இது! றெக்க நரம்புகூடத் தெரியுது.” பூச்சியிடம் திரும்பினாள். “வீட்ல இன்னும் இருக்கா?”

“இருக்கு… டின் டின்னா இருக்கு.”

“எல்லாத்தையும் எனக்குக் காட்டணும்.”

அவனிடம் அதுவரை யாருமே அப்படிக் கேட்டதில்லை. சபையென்றும் பார்க்காமல் அழுதுவிட்டான். தாயார் முணுமுணுத்துக்கொண்டே தட்டை வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கும் யாராவது அவனைக் கிறுக்கன் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அப்படிச் சொல்ல எனக்கும் பரமேஸ்வரிக்கும் மட்டும்தான் உரிமை.