முயல் வீட்டு டிக்கியும் பத்து இன்ச் ஊஃபரும்

நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே சொல்கிற கதை இது. கை வாடை கதையிலும் கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நெத்திலிக்குப் பேச வராது, அதனால் கதையில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பேசுகிறதெல்லாம் முயல், நரி, ஆமை, யானை.

ஒரு காட்டில், காடு என்றால் நாலு மலையும் நடுவே ஒரு செம்மண் ரோடும்தான், மரிக்கொழுந்து என்று ஒரு முயல் இருந்தாள். அவள் தூங்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பெற்ற பிள்ளை பொட்டு தூங்கினால்தானே அவள் தூங்க? அவன் கண்ணை மூடுவேனா என்று இருந்தான். தாலாட்டுப் பாடினால் கூடவே பாடினான். தட்டிக்கொடுத்தால் திருப்பித் தட்டினான். தூக்கக் கலக்கத்தில் மரிக்கொழுந்துக்கு என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை. திங்கட்கிழமை அருகம்புல் என்று நினைத்துப் புருஷன் மீசையை மென்றுவிட்டாள். செவ்வாய்க்கிழமை தலையணை என்று நினைத்து ஒரு காட்டுப்பூனை மேல் சாய்ந்துவிட்டாள். பூனைக்கு அன்றைக்கு விரதம், பிழைத்தாள். எல்லா நாளும் விரத நாளாக இருக்குமா?

புதன்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. காட்டுப்பன்றி வீட்டுக் கல்யாண ஊர்வலம் ரோட்டில் போனது. முன்னால் ஒரு வண்டி, வண்டி நிறைய பெட்டி, பெட்டிக்குள்ளிருந்து 'டும்... டும்...' என்று ஒரு சத்தம். காதுக்குக் கேட்கிற சத்தம் இல்லை அது, வயிற்றுக்குக் கேட்கிற சத்தம். பொட்டு கொட்டாவி விட்டான். அம்மா மடியில் சரிந்தான். ஊர்வலம் வளைவு திரும்பியதும் எழுந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுதான்.

"ஏங்க!" என்று மரிக்கொழுந்து புருஷனைக் கூப்பிட்டாள். "நம்ம கார்ல அந்த டும் டும் வைக்கணுங்க."

புருஷன் பெயர் சிங்காரவேலு. மாமனார் சீராகக் கொடுத்த அருகம்புல் மேட்டைக் கொடுத்துவிட்டு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தவன். ரெண்டே சீட்டு. டிக்கி என்று பின்னால் ஒன்று இருந்தது, ஒரு முட்டைக்கோஸ் வைத்தால் ரெண்டாவது முட்டைக்கோஸ் வெளியே நிற்கும்.

"டிக்கி சின்னதுடி கொழுந்து. அது ஸ்போர்ட்ஸ் கார். அதுல எல்லாம் ஓட்டத்துக்குத்தான் இடம்."

"எங்க ஓடுனீங்க? மூணு மாசமா துடைச்சிட்டுத்தான இருக்கீங்க?"

சிங்காரவேலு துணியைக் கீழே வைத்தான்.

மரிக்கொழுந்து டிக்கியைத் திறந்து, இடது காதை மடக்கி உள்ளே விட்டு அளந்தாள். முயல் ஜாதிக்கு அளவு எல்லாம் காதில்தான். நீளம் ஒன்றே முக்கால் காது. உயரம் முக்கால் காது. அடியில் குழிக்குள் ஸ்டெப்னி டயர் படுத்திருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. அளவை மனப்பாடம் செய்துகொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்று பேருமாக நரி கோதண்டம் கடைக்குப் போனார்கள்.

கோதண்டம் காருக்குப் பாட்டுப் பெட்டி வைத்துக் கொடுக்கிறவர். வாசலில் போர்டு: 'விற்ற பொருள் கடித்த பொருள். திரும்ப வாங்கப்படாது.'

"வா தங்கச்சி. வாங்க மாப்ள. என்ன பட்ஜெட்டு?"

"கம்மிதாண்ணே," என்றாள் மரிக்கொழுந்து. புதுக் கடை, புது ஆள் என்றால் அவளுக்குக் குரல் தொண்டைக்கு மேல் வராது.

"கம்மி பட்ஜெட்டுக்குன்னே கடவுள் படைச்சது என் கடை," என்று கோதண்டம் ஊஃபர் என்கிற டும் டும் பெட்டியில் பன்னிரண்டு இன்ச் ஒன்றை உருட்டி வந்தார். அதன் நெற்றியில் 'ஐயாயிரம் வாட்ஸ்' என்று தங்க ஸ்டிக்கர்.

"நெஜமாவே ஐயாயிரமாண்ணே?"

நரி அக்கம்பக்கம் பார்த்தார். "ஸ்டிக்கர் ஐயாயிரம் தங்கச்சி. ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டா நூத்தம்பது. நாம எதுக்குக் கிழிக்கணும்?"

மரிக்கொழுந்துக்கு வாட்ஸ் தெரியாது, இன்ச் தெரியாது. பொட்டுவைத் தெரியும். அவனைப் பெட்டி முன்னால் உட்காரவைத்தாள். "போடுங்கண்ணே. இவன் கண்ணைப் பார்த்து நான் சொல்றேன்."

முதலில் சீட்டுக்கு அடியில் வைக்கிற தட்டைப் பெட்டி. இடமே அடைக்காது, அணில்கள் விரும்பி வாங்குவது. ஜலதோஷம் பிடித்த மரங்கொத்தி மாதிரி 'டொக் டொக்' என்றது. பொட்டு அதை உதைத்தான். அடுத்து எட்டு இன்ச். பொட்டுவுக்கு ஒரு கண் மூடியது, ஒரு கண் மூடவில்லை. பன்னிரண்டு இன்ச்சைப் போட்டதும் பொட்டு தூங்கினான், கூடவே சிங்காரவேலுவும் தூங்கினான், கூரையிலிருந்து நாலு ஓடு விழுந்து ரெண்டு பேரையும் எழுப்பிவிட்டது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இவர்கள் காரையே வைத்துப் பூட்டலாம்.

பத்து இன்ச் போட்டார். ஓட்டை இல்லாமல் அடைத்த பெட்டி. 'டும்... டும்...' பொட்டுவின் ரெண்டு இமையும் மெல்ல இறங்கின. ஓடு ஒன்றும் விழவில்லை.

"இதுதான்," என்றாள் மரிக்கொழுந்து. கையில் தூங்குகிற பிள்ளை, அசையக்கூடாது. "ஏங்க, ஒண்ணே முக்கா, முக்கா. அளந்து பாருங்க."

சிங்காரவேலு காதை நீட்டி அளந்தான். "ஒண்ணே முக்கா. முக்கா. சொல்லிவச்ச மாதிரி இருக்குடி!"

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் பெட்டி டிக்கிக்குள் பாதியில் நின்றது. தள்ளினார்கள். உதைத்தார்கள். டிக்கி மூடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"உன் காது குட்டைடி," என்றான் சிங்காரவேலு கடைசியில். "அளந்ததே தப்பு."

"என் காதால டிக்கி, உங்க காதால பெட்டி. எப்படிங்க சேரும்? உங்க காது நீளம்தான். கேக்குறதுதான் இல்ல."

மாட்டிவிட வந்திருந்த கோதண்டம் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "குழிக்குள்ள உக்காந்திருக்குற ஸ்டெப்னியை எடுத்துட்டா பொட்டி அளவெடுத்த மாதிரி உக்காரும். ஒண்ணு அது, இல்ல இது. முடிவு உங்களுது."

"ஸ்டெப்னி இல்லாம வழியில பஞ்சர் ஆச்சுன்னா?" என்றான் சிங்காரவேலு.

மரிக்கொழுந்து அவனைப் பார்த்தாள். அந்தக் கண்ணுக்குக் கீழே கருப்பு வளையம், வளையத்துக்குக் கீழே இன்னொரு வளையம். அவன் ஸ்டெப்னியைத் தூக்கி நரி கையில் கொடுத்தான்.

மறுநாள் மத்தியானம் மூன்று பேரும் காரில் கிளம்பினார்கள். 'டும்... டும்...' என்று பின்னாலிருந்து வர, மரிக்கொழுந்து மடியில் பொட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். ஒரு மலை தாண்டியது. ரெண்டு மலை தாண்டியது. இன்னும் தூங்கினான்! மரிக்கொழுந்துக்குச் சிரிப்பாக வந்தது, அழுகையாகவும் வந்தது. சீட்டில் தலையைச் சாய்த்தாள். கண் சொருகியது. பன்னிரண்டு நாளைக்குப் பிறகு முதல் கனவின் முதல் புல்லை அவள் வாயில் வைக்கப் போகும்போது,

'டப்!'

முள்ளம்பன்றி உதிர்த்துவிட்டுப் போன முள். முன்சக்கரம் சப்பையாகிவிட்டது.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. யாருக்குக் கஷ்டம் வந்தாலும், கஷ்டம் ஆறுவதற்குள் அவர்கள் பாடம் கற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அதற்கென்று ஒரு துறை, துறைக்கு ஒரு ஆமை. பெயர் ஏகாம்பரம். மற்ற நாளில் ஒரு வரப்பைத் தாண்ட அவருக்கு ஒரு வாரம் ஆகும். யாருக்காவது கேடு வந்தால் அஞ்சாவது நிமிஷம் பக்கத்தில் நிற்பார்.

நின்றார். ஓட்டுக்குள் கையை விட்டு ஈரமான படிவம் ஒன்றை எடுத்தார்.

"படிவம் ஏழு. கஷ்டத்தின் பெயர், பஞ்சர். காரணம், ஆசை, அவசரம், ஆடம்பரம், இதுல பொருந்தாததை அடிச்சிடுங்க. 'இனி செய்யமாட்டேன்'னு மூணு பிரதி. ஊஃபரைத் துறையில ஒப்படைச்சிடணும்."

"காரணம் தூக்கம் சார்," என்றாள் மரிக்கொழுந்து மெதுவாக.

"அப்படி ஒரு கட்டம் இல்லையேம்மா."

"பக்கத்துல எழுதிக்கலாமா?"

"கட்டத்துக்கு வெளிய யாரும் கஷ்டப்படக்கூடாது."

"போட்டுருடி கொழுந்து," என்றான் சிங்காரவேலு. அவன் ஏற்கெனவே மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டு, நாலாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.

"மொதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்துங்க," என்றார் ஆமை. "சத்தத்துல பாடம் ஏறாது." ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகைத் தொட்டார். 'டும்' கொஞ்சம் தாழ்ந்தது. பொட்டுவின் ஒரு கண் திறந்தது.

மரிக்கொழுந்து பிறந்ததிலிருந்து புருஷனைத் தவிர யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. குனிந்து ஆமையின் கையைக் கடித்தாள்.

"ஐயோ!" என்று ஏகாம்பரம் கை, கால், தலை, படிவம் எல்லாவற்றையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். உருண்டு போய் ரோட்டில் விழுந்தார். மரிக்கொழுந்து திருகைப் பழையபடி ஏற்றினாள், இன்னும் ஒரு சுற்று சேர்த்தே ஏற்றினாள். பொட்டு கண்ணை மூடினான்.

'டும்... டும்...'

'தும்! தும்!'

இது பெட்டிச் சத்தம் இல்லை. மரங்கள் விலகின. கொம்பன் மாசிலாமணி வந்து நின்றான். மூன்று மலைக்கு அப்பால் தனியாக இருக்கிற யானை. நெற்றியில் புதுச் செம்மண், தும்பிக்கையில் வேரோடு பிடுங்கிய வாழை மரம், தாரோடு. மூச்சு வாங்கியது. நேராகக் காரின் பின்பக்கம் போய், டிக்கியைப் பார்த்துத் தலையைக் குனிந்தான்.

"கூப்ட்டீங்களா?"

டிக்கி 'டும்' என்றது.

மாசிலாமணிக்குக் காது சிவந்தது. "உள்ளங்கால்ல கேட்டுச்சு," என்றான் சிங்காரவேலுவிடம். "யானை யானையை அப்படித்தான் கூப்பிடும், ரொம்ப அடிக்குரல்ல. நாப்பது வருஷமா என்னை யாரும் கூப்பிடல தம்பி. இன்னிக்கு 'வா வா'ன்னு ஒரே விடாப்பிடி. குளிச்சிட்டு வர்றதுக்குள்ள நூறு தடவை கூப்பிட்டுட்டாங்க."

சிங்காரவேலு வாயைத் திறந்தான். மரிக்கொழுந்து அவன் காலை மிதித்தாள்.

"ரொம்ப அடக்கமான பொண்ணுங்கண்ணே," என்றாள். "வெளிய வரமாட்டா. டிக்கியிலயேதான் இருப்பா. வேற வார்த்தையும் பேசமாட்டா."

"எனக்கும் அதிகம் பேசுறவங்க ஆகாதும்மா. பேரு?"

"ஊஃபர்."

"ஊஃபர்," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். "குடும்பத்துக்கு ஏத்த பேரு. சரி, ஏன் நடுரோட்டுல நிறுத்திருக்கீங்க?"

"பஞ்சருண்ணே. ஸ்டெப்னி இல்ல."

"இல்லையா?" மாசிலாமணி ரோட்டைப் பார்த்தான். "இதோ கெடக்குதே!"

அவன் ஆமையை எடுத்து மண்ணைத் தட்டினான். உருண்டையாக, கெட்டியாக, அளவாக இருந்தது. சப்பைச் சக்கரத்தைத் தும்பிக்கையால் கழற்றி எறிந்துவிட்டு, ஏகாம்பரத்தை வைத்து ஒரு திருகு திருகினான். உள்ளேயிருந்து, "படிவம்... படிவம் ஏழு..." என்று ஒரு குரல் வந்தது.

"காத்து கொஞ்சம் அதிகமா இருக்கு," என்றான் மாசிலாமணி, "பரவாயில்ல, ஓடும்."

ஓடியது. ஆமை முழு வட்டம் இல்லையே, அதனால் சுற்றுக்கு ஒரு தரம் கார் குதித்தது. முன்னால் 'தடக்', பின்னால் 'டும்'. தடக்-டும், தடக்-டும். தொட்டிலும் தாலாட்டும் சேர்ந்த மாதிரி. பின்னாலேயே டிக்கி மேல் தும்பிக்கையை வைத்துக்கொண்டு, வாழைத்தாரோடு மாசிலாமணி நடந்து வந்தான். மூன்றாவது மலை ஏறுவதற்குள் மரிக்கொழுந்து தூங்கிவிட்டாள். வீடு வந்தும் எழுப்பாமல் விட்டார்கள். சனிக்கிழமை சாயந்திரம்தான் எழுந்தாள், எழுந்து பார்த்தால் பொட்டு இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான்.

மாசிலாமணி இப்போது தினமும் மத்தியானம் வருகிறான். டிக்கிக்குப் பக்கத்தில் நின்று, உள்ளங்காலைத் தரையில் நன்றாகப் பதித்து, ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுப் போகிறான். இதுவரை ஒரு சண்டை வந்ததில்லை. ஏகாம்பரம் தலைசுற்றல் நின்றதும் துறைக்குப் பயணப்படி கேட்டு எழுதிப்போட்டார். 'எந்த வாகனத்தில் சென்றீர்' என்ற கட்டத்தில் 'நானே' என்று நிரப்பினார். துறையில் அதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

நீதி: டிக்கி சின்னதாக இருந்தால் ஸ்டெப்னியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊஃபரை வை. வழியில் பஞ்சர் ஆனால் புத்தி சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். அவர் உருண்டையாக இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்.

இது பிடிக்காதவர்களுக்கு இன்னொரு நீதியும் உண்டு. பிள்ளை தூங்கும்போது யார் வந்து எதை நிறுத்தச் சொன்னாலும், பெரியவர் சின்னவர் பார்க்காமல், முதலில் அவர் கையை... இதோ வந்துட்டேன் அத்தே, பிள்ளையை எழுப்பிடாதீங்க, இப்பத்தான்...