பேண்டேஜ் துணி மண்டபமும் விமானம் ஏறக் கூடாத அத்தையும்

ராஜபாளையம்,
வெள்ளிக்கிழமை.

மஸ்கட்டில் ஊரார் கைக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பாசமுள்ள இன்பம் அத்தைக்கு, உங்கள் அண்ணன் எலியேசரின் மகள் எலினா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் அப்பா சுகம், அம்மா சுகம், தறி எட்டும் சுகம். மாப்பிள்ளை மட்டும் சுற்றுச்சூழல்.

நீங்கள் பார்த்துச் சொன்ன வரன். அதை முதலில் நினைவூட்டி வைக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர், கல்லூரி வாத்தியார், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது என்றீர்கள். ஒன்று உண்டு. பூமியைக் காப்பாற்றுகிறார்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை செல்வின் எழுந்து நின்று சொன்னார்: "நம்ம கல்யாணம் நடந்த தடமே பூமியில இருக்கக் கூடாது." எனக்கு அப்போது பிடித்திருந்தது. தடம் இல்லாமல் வாழ்வது பற்றி நானும் நோட்டில் நாலு வரி எழுதி வைத்திருந்தேன். படித்ததன் கோளாறு. போன வாரம் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மக்கும் குப்பையில்தான் போட்டேன்.

முதலில் அழைப்பிதழ். விதை வைத்த தாள். கல்யாணம் முடிந்ததும் மண்ணில் புதைத்தால் தண்டங்கீரை முளைக்கும். நானூறு. வந்த அன்றே மழை. கட்டு நனைந்தது. அம்மா எடுத்து மாடியில் காயப் போட்டாள். மறுபடியும் மழை. பத்தாம் நாள் ஏறிப் பார்த்தால் மாடி முழுக்கப் பாத்தி. நானும் அவரும் இன்ன தேதியில் இணைவதாக இருந்த இடத்தில் பச்சையாக நிற்கிறது. அம்மா குனிந்து கிள்ள ஆரம்பித்தாள். "போட்ட வெதையாவது வீணாப் போகக் கூடாதுட்டி." அன்று மதியம் கடைந்து சாப்பிட்டோம். "கல்யாணப் பத்திரிகைய பூண்டு போட்டுக் கடைஞ்சு தின்ன மொதக் குடும்பம் நாமதான்" என்றார் அப்பா, இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு. மாப்பிள்ளை பெயர் இருந்த பக்கம் கொஞ்சம் கசந்தது.

மறுபடி அச்சடிக்க மரம் வெட்ட வேண்டுமாம். ஆகவே வாயால் அழைப்பது. பெட்ரோல் கூடாது. ஆகவே சைக்கிள். தளவாய்புரத்தில் மாரிக்கனி சித்தி வீட்டுக்கு நான் முன்னமே பஸ்ஸில் போய்க் காத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாப்பிள்ளை மிதித்து வந்து சேர்ந்தார். சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம். சித்தி என்னை உள்ளே இழுத்தாள்.

"ஏட்டி, மாப்ளைக்கு ஒரு வண்டி வாங்க வழியில்லையா?"

அதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. உள்ளே மாற்றுச் சட்டை, காற்றடிக்கும் பம்பு, இளநீர், அவர் அப்பா சாம்சன் மாமா.

"அந்தா நிக்கே, அந்தக் காரு யாருது?"

"அவியளதுதான் சித்தி. சைக்கிளுக்குத் துணைக்கு வருது."

"பொறவு எதுக்குட்டி இந்தப் பாடு?"

மாமா கண்ணாடியை இறக்கி, "செத்த நேரம் ஏசியில இருந்துட்டு மிதிப்பா" என்று மகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மகனும் இருந்தார்.

அடுத்தது மண்டபம். பிளாஸ்டிக் பூ கூடாது, மினுங்கும் நைலான் துணி கூடாது. அப்பாவுக்கு உற்சாகம். நம் தறியில் ஓடுவது என்ன? பேண்டேஜ் துணி. "மாப்ளே, அம்புட்டும் பஞ்சு. மண்ணுல போட்டா மக்கிரும்." மாப்பிள்ளை அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். புதன்கிழமை ஒத்திகையாகக் கட்டிப் பார்த்தார்கள். தூணுக்குத் தூண் கட்டு. மேடைக்குக் கட்டு. நாங்கள் உட்காரப்போகும் இரண்டு நாற்காலிகளுக்கும் கட்டு. தறியில் வேலை பார்க்கிற பாண்டிசெல்வி அக்கா, இருபது வருஷமாக அந்தத் துணியை நெய்கிறவள், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "எலினா, யாருக்கு என்ன ஆச்சு? பேச்சு மூச்சு இருக்கா?" நீங்கள் வந்தால் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு டியூட்டியில் சேர்ந்துவிடுவீர்கள்.

வந்தால்.

அங்கேதான் வருகிறேன். அன்றைக்கே செல்வின் விருந்தாளிப் பட்டியலைக் காட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை கிலோமீட்டர், அதற்கு எவ்வளவு புகை. பக்கத்துச் செட்டியார்பட்டிக்காரர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். உங்கள் பெயரின் மேல் கோடு.

"இது என் அத்தை."

"விமானம், எலினா. மத்த எல்லாரையும் சேத்தாலும் இவங்க ஒரு ஆளு அளவுக்கு வராது."

என்னைத் தறியில் உட்காரவைப்பதா கல்லூரிக்கு அனுப்புவதா என்று இந்த வீட்டில் பேச்சு வந்த அன்று, போனில் தொண்டை கட்டும்வரை கத்தியவர் நீங்கள். அதற்கு எத்தனை கிலோ புகை என்று கேட்க நினைத்தேன். அவர் பென்சிலைக் கூர் சீவிக்கொண்டிருந்தார். சீவலைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இந்த மனிதரோடு நாற்பது வருஷம்.

ஆகவே முடிவு. நம் வேதக் கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. நாளை மறுநாள் மூன்றாவது. இந்த விவாகத்துக்குத் தடை உண்டென்று யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் ஐயர் கேட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்துவார். எனக்குத் தெரிந்து யாரும் வாய் திறந்ததில்லை. நான் எழுந்து சொல்லப்போகிறேன். என் கல்யாணத்துக்கு நானே தடை. நீங்கள் லீவு சொல்லியிருந்தால் ரத்து செய்துவிடுங்கள். இந்தக் கடிதமும் விமானம் ஏறாது. போனில் படம் பிடித்துத்தான் அனுப்புவேன்.

நீங்கள் ஊசி குத்தும் கைகள் எல்லாம் குணமாகட்டும். உங்கள் முழங்கால் வலியும் குறையட்டும். இனி எனக்கு வரன் பார்க்க வேண்டாம்.

கல்யாணம் வேண்டாத,
எலினா.

பி.கு.: ஞாயிறு மதியம். இதுவரை அனுப்பத் தைரியம் வரவில்லை. மேலே உள்ளதெல்லாம் ரத்து.

ஐயர் கேட்டார். நிறுத்தினார். எழுந்தேன். நான் முன்வரிசை. பாட்டுக்குத்தான் எழுகிறேன் என்று நினைத்து என் வரிசை எழுந்தது. பின்வரிசை எழுந்தது. சபையே எழுந்தது. ஐயர் திகைத்துக் கீர்த்தனை எண்ணைச் சொல்லிவிட்டார். ஐந்து சரணம். நானும் பாடினேன்.

வெளியே செல்வின். சைக்கிள். பின்னால் கார் இல்லை.

"பாட்டுக்கு முன்னாலயே எந்திரிச்சியே, என்ன சொல்ல வந்த?"

"அத்தை வரணும்."

"அவங்க பேர வியாழக்கிழமையே சேத்துட்டேன். நீ அன்னைக்கு மூஞ்சிய வச்சிருந்தது என்னமோ மாதிரி இருந்துச்சு."

"அப்ப புகை?"

"எங்க பக்கம் நாப்பது பேர பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு. கார் வச்சிருக்கவங்க பூரா." கொஞ்ச நேரம் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தார். "அதுல எங்க அப்பாவும் அடக்கம். மூணு நாளா என்கூட பேசல."

சிரித்துவிட்டேன், அத்தை. என்ன செய்ய.

டிக்கெட் போடுங்கள். கார் இல்லாததால் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அவர் மிதிக்க, நான் கேரியரில், கல்யாணச் சேலையோடு. சக்கரத்தில் சிக்கும் என்று அம்மா இப்போதே அழுகிறாள். வரும்போது மருந்தும் பிளாஸ்டரும் மட்டும் கொண்டு வாருங்கள். கட்டுத் துணி மண்டபத்திலேயே இருக்கிறது.